கூடமும் கோணல்தான்

(தாராவியில் ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

அவைத் தலைவர் அவர்களே, வேலை நாளிலும் சயானிலிருந்து ஆட்டோ பிடித்து வந்திருக்கும் முன்னாள் மாநகராட்சி உறுப்பினர் அவர்களே, எனக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்த ஆசிரியர் அவர்களே (தப்பாகக் கூட்டினால் முன்வரிசையிலிருந்தே திருத்திவிடுவார்), மைக் செட்டைக் காசு வாங்காமல் தந்த அண்ணாச்சி அவர்களே, தாய்மார்களே, வணக்கம். யார் பெயராவது விட்டுப்போயிருந்தால் பொறுத்தருள வேண்டும். போன கூட்டத்தில் ஒருவரை விட்டுவிட்டு, மூன்று மாதம் அவர் கடையில் எனக்கு வெற்றிலை கிடைக்கவில்லை.

ஒரே நாட்டுக்குள் ஓர் ஊரில் உழைப்பு அதிகம் விளைகிறது, இன்னோர் ஊரில் குறைவாக விளைகிறது. ஏன் என்று பேசச் சொன்னார்கள். மூன்று காரணம் சொல்கிறேன்: மூலதனம், படிப்பு, ஊர் வசதி.

2023-24இல் பீகாரின் தலா வருமானம் நாட்டின் சராசரியில் மூன்றில் ஒரு பங்குதான். மகாராஷ்டிரத்தில் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. உடனே டீக்கடையில், "அவங்க ஊர்ல எல்லாம் சோம்பேறிங்க" என்கிறார்கள். அந்தப் பீகார்க்காரர்தானே ராத்திரி பத்து மணி வரை நம் பட்டறையில் குனிந்து தோல் வெட்டுகிறார்? ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நான் மேடைதோறும் கேட்பதையே இங்கும் கேட்கிறேன்: கூடம் நிஜமாகவே கோணலாக இருந்தால்?

மூலதனத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1952 முதல் 1993 வரை சரக்குக் கட்டணச் சமன்பாடு என்று ஒரு கொள்கை இருந்தது. ஜார்க்கண்ட் அன்று பீகாரோடு இருந்தது. அங்கே நிலக்கரியும் இரும்பும் காலடியில். ஆனால் தூரத்துக்கான ரயில் செலவை அரசு ஈடுகட்டியதால், கடற்கரையில் இருந்தவனுக்கும் ஏறக்குறைய அதே விலைக்குக் கிடைத்தது. அப்புறம் யார் சுரங்கத்துப் பக்கம் போய்த் தொழிற்சாலை கட்டுவார்? நம் மும்பைக்கும் அந்தச் சலுகையில் பங்கு உண்டு.

சரி, ஊர் வசதிக்கு என் மைத்துனர், அதாவது அக்கா வீட்டுக்காரர், கதையைச் சொல்கிறேன். நாங்குநேரிப் பக்கம் தையல்காரர். பெடல் மெஷின். ஒரு நாளைக்கு மூன்று ஜாக்கெட் தைத்தால் அன்று விசேஷம். நூல் தீர்ந்தால் டவுனுக்கு பஸ், ஊக்கு தீர்ந்தால் மறுபடி பஸ். என் அக்கா அவரை "ஆமை" என்றுதான் கூப்பிடுவாள், அதுவும் மாமியார் எதிரிலேயே. அந்த ஆமை நாகர்கோவில் வண்டியேறி தாதரில் இறங்கியது. இங்கே ஒரு பை பட்டறையில் மோட்டார் மெஷின் முன்னால் உட்கார வைத்தார்கள். ஒருவர் வெட்டுகிறார், ஒருவர் பசை தடவுகிறார், இவர் தைக்கிறார். ஜிப் தீர்ந்தால் எதிர்ச் சந்துக்கு ஒரு குரல், பையன் கொண்டுவந்துவிடுவான். ஒரு மாதத்தில் நாளைக்கு நாற்பது பை! பொங்கலுக்கு ஊருக்குப் போய், கை சும்மா இருக்காமல் பழைய மெஷினில் உட்கார்ந்தார். மறுபடி மூன்றே மூன்று ஜாக்கெட். ரயிலில் போகும்போது சோம்பேறியாகிவிட்டாரா? கூடம் கோணல், அவ்வளவுதான்.

ஆனால் அக்கா கணக்கை யார் போட்டது? அதே பைகளுக்கு நூல் வெட்டுகிறாள், பீஸ் ரேட், எத்தனை பையோ அத்தனைக்குத்தான் கூலி. காலையில் கையில் டப்பாவோடு பொதுக் கழிப்பறை வரிசையில் நாற்பது நிமிஷம். மாலையில் இன்னொரு முறை. நடுவில் தண்ணீரே குடிப்பதில்லை, மறுபடி வரிசையில் நிற்க வேண்டுமே என்று. உற்பத்தித்திறன் குறைவு என்று எழுதுகிறவர்கள் அந்த வரிசையில் ஒரு நாள் நின்று பார்க்கட்டும். இதுவும் கோணல் கூடம்தான், அதுவும் பணக்கார மாநிலத்தின் தலைநகரிலேயே. எங்கள் மனுவில் இரண்டே கோரிக்கை: நம் சந்தில் பெண்களுக்கு இன்னும் எட்டு கழிப்பறை, இரவில் விளக்கு. முன்னாள் உறுப்பினர் தலையசைக்கிறார், எல்லோரும் பார்த்துக்கொள்ளுங்கள்.

தலைவர் மணி அடித்துவிட்டார். படிப்பைப் பற்றி அடுத்த கூட்டத்தில். மனு டீ மேசையில் இருக்கிறது. பேனாவை நூலில் கட்டி வைத்திருக்கிறோம், தயவுசெய்து அறுக்க வேண்டாம்.