82 என்ற எண்ணும் வயிற்றுப் பிள்ளையும்

வணக்கம் நேயர்களே. மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் பல வருடம் தாதியாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். 'மிஸ்ஸி' என்றால்தான் பழைய ஆட்களுக்குத் தெரியும். கர்ப்பிணிகளையும் கோவிட் தடுப்பூசியையும் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். அதெல்லாம் முடிந்துபோன கதை என்று நினைக்க வேண்டாம். எந்த வீட்டிலாவது கரு கலைந்தால், "அன்றைக்குப் போட்ட ஊசிதான் காரணம்" என்று சொல்ல இன்னும் ஆள் இருக்கிறது. பாவம், அந்தப் பெண் அழுவாளா, இவர்களுக்குப் பதில் சொல்வாளா?

இந்தப் பயத்துக்குப் பின்னால் ஒரு எண் இருக்கிறது. ஊசி போட்ட கர்ப்பிணிகளில் 82 விழுக்காட்டினருக்குக் கரு கலைந்தது என்று 2021இல் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றியது. முழுக்க இட்டுக்கட்டியது என்று தள்ளிவிடவும் முடியாது. பெயர் பெற்ற மருத்துவ இதழில் வந்த ஓர் அமெரிக்க ஆய்விலிருந்து பிடுங்கிய கணக்கு அது. அதனால்தான் படித்தவர்களும் நம்பினார்கள். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள், பிரித்துச் சொல்கிறேன்.

2020 டிசம்பர் 14 முதல் 2021 பிப்ரவரி 28 வரை, சுமார் 11 வாரத்தில் ஊசி போட்ட கர்ப்பிணிகளைப் பற்றிய தகவல் அது. தனிப் பதிவேட்டில் சேர்த்து விசாரித்தவர்கள் 3,958 பேர். கட்டுரை எழுதும்போது அவர்களில் 827 பேரின் கர்ப்பம்தான் முடிந்திருந்தது. 712 பேருக்குக் குழந்தை உயிரோடு பிறந்தது, 104 பேருக்குக் கரு கலைந்தது, மீதி சில வேறு விதம். அந்த 827 பேரில் 700 பேர் கடைசி மூன்று மாதத்தில் ஊசி போட்டவர்கள். வாட்ஸ்அப் கணக்குப்பிள்ளை அந்த 700 பேரைக் கழித்தார். மிச்சம் 127. 104ஐ 127ஆல் வகுத்தார். வந்தது 82.

வகுத்தல் சரிதான். ஆனால் ஜனவரியில், இரண்டாம் மாதத்தில் ஊசி போட்டவள் மார்ச் கடைசிக்குள் எப்படிப் பிள்ளை பெறுவாள்? செம்பனை நாற்று போட்ட இரண்டாம் மாதமே போய், பையை விட்டு வெளியே போன கன்று எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். அழுகி எறிந்தது மட்டும்தான் கணக்கில் வரும். நன்றாக வளர்வது பையிலேயே நிற்கும். அந்த ஆய்விலும் அப்படித்தான், முதல் மாதங்களில் ஊசி போட்ட பெரும்பாலான பெண்கள் வயிற்றில் பிள்ளையோடு இருந்தார்கள். அதன் பிறகு அமெரிக்காவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கர்ப்பங்களை வைத்துப் பார்த்தார்கள். நார்வேயிலும் பார்த்தார்கள். ஊசியால் கருச்சிதைவு கூடவில்லை. நோயும் ஊசியும் இல்லாத காலத்திலேயே நூறு கர்ப்பத்தில் பத்து, பதினைந்து தங்காமல் போவதுதான். நம் பாட்டிமாருக்கு இது தெரியும், வெளியே சொல்லமாட்டார்கள்.

சரி, இதே கணக்குக் கோளாறு ஊசிக்குச் சாதகமாகவும் வரலாம். அதையும் சொல்லாவிட்டால் நியாயமில்லை. ஒன்பதாம் மாதத்தில் ஊசி போட்டவளுக்கு ஏழாம் மாதக் குறைப்பிரசவம் நடந்திருக்கவே முடியாது. நடந்திருந்தால் அவள் அந்த வரிசையிலேயே வரமாட்டாள். ஆக, ஊசி போட்டவர்கள் பக்கம் கொஞ்சம் கூடுதல் நல்லதாகவே தெரியும். அதோடு, தானே தேடிப் போய் ஊசி போடுகிறவள் பெரும்பாலும் செக்கப்பையும் தவறவிடாதவள். 23 ஆய்வுகளைச் சேர்த்து, ஊசி போட்ட 1,17,552 கர்ப்பிணிகளை வைத்து 2022இல் ஒரு கணக்கு வந்தது. இறந்து பிறக்கும் வாய்ப்பு 15 விழுக்காடு குறைவு என்றது. அந்தப் பதினைந்து முழுவதும் ஊசியின் புண்ணியம் என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். ஊசியால் கெடுதல் கூடவில்லை என்ற பகுதியைத்தான் நான் கெட்டியாகப் பிடித்துக்கொள்வேன்.

கெடுதல் செய்தது நோய். அமெரிக்காவில் 2020 மார்ச் முதல் 2021 செப்டம்பர் வரை நடந்த பன்னிரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆஸ்பத்திரிப் பிரசவங்களில், கோவிட் இல்லாதவர்களுக்கு இறந்து பிறந்தது 0.64 விழுக்காடு, கோவிட் இருந்தவர்களுக்கு 1.26. டெல்டா என்ற உருமாறிய கிருமி வந்த பிறகு இடைவெளி இன்னும் பெரிதானது. சிலருக்குக் கிருமி நஞ்சுக்கொடி வரைக்கும் போய்ப் புண்ணாக்கிவிடுகிறது, பிள்ளைக்குப் போகிற ரத்தமும் பிராணவாயுவும் அடைபடுகின்றன. தாய்க்கும் நுரையீரல் விரிய இடம் குறைவு, வயிறு மேலே தள்ளிக்கொண்டிருக்குமே.

நம் நாட்டுக் கணக்கைப் பாருங்கள். ஒரு லட்சம் குழந்தைகள் பிறந்தால் 2020இல் 24.9 என்று இருந்த தாய்மாரின் பிரசவகால மரணம், 2021இல் 68.2 ஆனது. நம் புள்ளிவிவரத் துறை வெளியிட்டது இது. இதைத் தாண்டி நான் எதையும் அழுத்திச் சொல்லத் தேவையில்லை.

ஊசி தாய்க்கு, பாதுகாப்பு பிள்ளைக்கு என்பது நமக்குப் புதுசும் இல்லை. தோட்டத்து ஆஸ்பத்திரியில் வயிற்றுப் பிள்ளைக்காரிகளுக்கு ஏடிடி ஊசி போட்டோமே, அது தொப்புள்கொடி வழியாக ரணஜன்னி, அதாவது டெட்டனஸ் வந்து பச்சைக் குழந்தை சாகாமல் இருக்கத்தான். தாயின் ரத்தத்தில் உண்டான எதிர்ப்புச்சக்தி நஞ்சுக்கொடியைத் தாண்டிப் பிள்ளைக்குப் போகும். கோவிட் ஊசியும் அதே வழிதான். ஆறு மாதம் ஆகாத குழந்தைக்குக் கோவிட் ஊசி கிடையாது, தாய் கொடுப்பதுதான் அதற்கு உண்டு.

அப்புறம், 2025 மே மாதம் அமெரிக்க அரசு ஆரோக்கியமான கர்ப்பிணிகளுக்கு இந்த ஊசியைப் பரிந்துரைப்பதை நிறுத்தியது. அதுவும் ஃபோனில் சுற்றுகிறது. அந்த நாட்டு மகப்பேறு மருத்துவர்கள் சங்கம் அதை ஏற்காமல், போடச் சொல்லித் தொடர்ந்து பரிந்துரைக்கிறது என்பதையும் சேர்த்து அனுப்பச் சொல்லுங்கள்.

முழுகாமல் இருப்பவர்கள் அடுத்த செக்கப்புக்குப் போகும்போது, இப்போது எனக்கு ஊசி தேவையா என்று அரசாங்க கிளினிக்கில் கேளுங்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம், முன்பு ஏதாவது ஊசிக்கு ஒவ்வாமை என்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஊசி போட்டாலும் போடாவிட்டாலும், கர்ப்பத்தில் காய்ச்சலும் மூச்சு வாங்குவதும் வந்தால் வீட்டில் கஷாயம் வைத்துக்கொண்டு காத்திருக்காதீர்கள், அன்றைக்கே போய்விடுங்கள். பால் கொடுக்கிற தாய்மார் ஊசி போட்டாலும் பாலை நிறுத்த வேண்டியதில்லை, மாமியார் சொன்னாலும் நிறுத்த வேண்டாம். நன்றி, வணக்கம்.