யோசேவாஸ் அடிகளுக்கு அடைக்கலம் கொடுத்த அரசன்

பெரியோர்களே, சகோதர சகோதரிகளே,

மதச் சுதந்திரத்துக்குப் பாதுகாவலரான புனிதர் யார் என்று கேட்டால், பலரும் தோமஸ் மோரின் பெயரைத்தான் சொல்வார்கள். எட்டாம் ஹென்றி தன்னையே இங்கிலாந்துத் திருச்சபையின் தலைவனாக ஏற்கச் சொன்னபோது, மனச்சாட்சி இடங்கொடாமல் 1535இல் தலையைக் கொடுத்தவர். அதற்கு இரண்டு கிழமை முன்பு ஜோன் ஃபிஷர் ஆயரும் அதே காரணத்துக்காக வெட்டப்பட்டார். இருவரையும் நான் வணங்குகிறேன். ஆனால் மோர் பதவியில் இருந்த காலத்தில், புரட்டஸ்தாந்துக் கொள்கைக்காக ஆட்கள் எரிக்கப்பட்டதை ஆதரித்தவர். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

இலங்கைக் கத்தோலிக்கரான நமக்கு யோசேவாஸ் அடிகள்தான் பொருத்தமானவர் என்பது என் எண்ணம்.

புரட்டஸ்தாந்தினரான ஒல்லாந்தர் 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்ததும் கத்தோலிக்கக் குருக்களைத் துரத்தினார்கள். ஒளித்து வைப்பவர்களுக்குக் கடும் தண்டனை. ஏறத்தாழ முப்பது வருடமாகத் திருப்பலிக்கும் பாவசங்கீர்த்தனத்துக்கும் ஆளில்லை. 1687இல் கோவாவிலிருந்து கூலியாள் வேடத்தில் வந்து இறங்கினார் இந்தக் குருவானவர். கழுத்தில் செபமாலையோடு வீடு வீடாகப் பிச்சை கேட்டுப் போனார். வாசலுக்கு வந்தவர் பிச்சையைப் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டால், அடுத்த வீடு. கண் அந்த மாலையில் ஒரு கணம் நின்றால், அது நம்முடைய வீடு. அப்படித்தான் மந்தையைத் தேடிப் பிடித்தார். சில்லாலை மக்கள் அவரை மறைத்து வைத்துக் காப்பாற்றினார்கள்.

1692இல் கண்டிக்குப் போனார். போர்த்துக்கேய ஒற்றன் என்று யாரோ கோள் சொல்ல, சிறையில் போட்டார்கள். கோள் சொன்னவரும் கிறிஸ்தவர்தான், கல்வின் என்ற புரட்டஸ்தாந்துச் சபைக்காரர். விடுதலை கொடுத்தவரோ பௌத்த அரசர், இரண்டாம் விமலதர்மசூரியன். தன் இராச்சியத்தில் மறைபரப்பவும் அனுமதித்தார். 1697இல் பெரியம்மை பரவியது. சொந்தக்காரரே நோயாளிகளைக் கைவிட்டு ஓடியபோது, அடிகள் எந்த மதம் என்று பார்க்காமல் கழுவித் துடைத்து, கஞ்சி ஊட்டி, இறந்தவர்களை அடக்கம் செய்தார். 1711 சனவரி 16இல் கண்டியிலேயே இறந்தார். 2015இல் காலிமுகத்திடலில் பிரான்சிஸ் பாப்பரசர் அவரைப் புனிதராக அறிவித்தார்.

சரி, இதைத் திருகோணமலையில் பேசிவிட்டு, கோணேசர் கோயிலைப் பேசாமல் போக எனக்கு மனம் வரவில்லை. அந்தக் கோயிலை இடித்தவர்கள் நம்முடைய சிலுவையைத் தூக்கி வந்த போர்த்துக்கேயர். தளபதி கொன்ஸ்தந்தீன் டி சாவின் காலம் அது. இடித்த கல்லை எடுத்தே கோட்டை கட்டினார்கள். பிரட்றிக் கோட்டை வாசலில் இரட்டைக் கயல் பொறித்த கல் இன்றைக்கும் இருக்கிறது, பக்கத்தில் தேய்ந்த தமிழ் எழுத்தும். பறங்கி பிரிப்பான், அதாவது போர்த்துக்கேயர் கோயிலை இடிப்பார்கள், என்று அந்தக் கல்வெட்டை வைத்து ஊரில் சொல்லும் பாட்டு உங்களுக்குத் தெரியும். ஒல்லாந்தர் நமக்குச் செய்ததை, அதற்குச் சில பத்தாண்டுகள் முன்பே நம்மவர் சைவர்களுக்குச் செய்து முடித்திருந்தார்கள்.

மத விடயத்தில் எவரையும் வற்புறுத்தக் கூடாது, இது எல்லா மனிதருக்கும் உரிய உரிமை என்று நம் திருச்சபை ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் சொன்னது 1965 டிசம்பர் 7இல். எவ்வளவு தாமதம்! கண்டி அரசர் அதற்கு இருநூற்றைம்பது வருடத்துக்கும் மேலாக முந்தியே ஒரு பரதேசிக் குருவுக்கு அதைக் கொடுத்துவிட்டார்.

ஆகவே பங்குச் சபைக்கு ஒரு வேண்டுகோள். வருகிற சனவரி 16 திருவிழாத் திருப்பலி முடிந்ததும், இளைஞர் மன்றப் பிள்ளைகளைக் கோட்டை வாசலுக்குக் கூட்டிப் போங்கள். கோயில்காரரையும் கூப்பிடுங்கள். அந்தக் கல்லின் கதையை அவர்கள் சொல்லட்டும், நம் பிள்ளைகள் கேட்கட்டும். பொங்கல் முடிந்த கையோடு வரும் நாள்தான், கட்டாயம் வருவார்கள்.