ஆறாம் வகுப்புக்குப் போகிற பிள்ளையும் காலைச் சாப்பாடும்

(காட்சி: உசிலம்பட்டி பக்கத்துக் கிராமம். காலை ஏழேகால் மணி. பேருந்து நிறுத்தத்தில் புதுப் பையோடு ஒரு சிறுமி, பக்கத்தில் அம்மா.)

வணக்கம். நான் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளியில் 5-ஆம் வகுப்பு ஆசிரியை. மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு போகும் பிள்ளைகளில் ஒன்றிரண்டு பேர் ஜூன் கடைசியில் எங்கள் பள்ளி வாசலில் வந்து நிற்பார்கள். "அங்க பிடிக்கல டீச்சர்" என்பார்கள். அதற்கு மேல் பேச்சு வராது.

புதுப் பையோடு நிற்கிற இந்தச் சிறுமியைப் பாருங்கள். 5-ஆம் வகுப்பில் அவள்தான் எங்கள் பள்ளியிலேயே பெரிய பிள்ளை. மணி அடிப்பது அவள், சின்னதுகளை வரிசையில் நிறுத்துவதும் அவள். டவுன் மேல்நிலைப்பள்ளியில் 12-ஆம் வகுப்பு அக்காக்களுக்கு நடுவே அவள் கடைக்குட்டி. இங்கே முகத்தைப் பார்த்தே காய்ச்சல் என்று கண்டுபிடிக்க ஒரு டீச்சர் இருந்தார். அங்கே பாடத்துக்கு ஒருவர்.

(காட்சி: தட்டில் பொங்கல், சாம்பார்.)

பலர் கவனிக்காத ஒன்று உண்டு. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று நம் மதுரையில்தான் தொடங்கியது. அது 1 முதல் 5-ஆம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கானது. இத்தனை நாள் பள்ளிக்கு வந்து சூடாக உப்புமாவோ பொங்கலோ சாப்பிட்டவள், 6-ஆம் வகுப்பில் வீட்டிலேயே சாப்பிட்டுக் கிளம்ப வேண்டும். அதுவும் பஸ்ஸைப் பிடிக்க முன்னைவிடச் சீக்கிரமாக. மத்தியானச் சத்துணவு அங்கேயும் உண்டு. ஆனால் அதுவரை வயிறு காலி. இரண்டாவது பீரியடில் தலை சுற்றினால் கணக்கு ஏறாது, பிள்ளை தன்னை மக்கு என்று நினைத்துக்கொள்ளும். களை எடுக்கவோ நூறு நாள் வேலைக்கோ விடியற்காலையில் போகும் அம்மாக்களுக்கு இது சிரமம்தான், தெரியும். இரவு வைத்த இட்லியோ பழைய சோறோ போதும், சாப்பிட்டுவிட்டுப் போகட்டும்.

அப்புறம், மே மாதத்திலேயே ஒரு நாள் அதே பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போய் வாருங்கள். எங்கே இறங்குவது, பஸ்ஸை விட்டுவிட்டால் யாரிடம் கேட்பது என்று அவளே சொல்லிப் பார்க்கட்டும். பள்ளி திறந்ததும் கழிப்பறை எந்தப் பக்கம் என்று விசாரிக்கச் சொல்லுங்கள். வெட்கப்பட்டுத் தண்ணீரே குடிக்காமல் நாளெல்லாம் அடக்கிக்கொண்டிருக்கும் பெண் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். மனசு தாங்காது.

சாயங்காலம் "என்ன படிச்ச?" என்று ஆரம்பிக்காதீர்கள். "யார் பக்கத்துல உக்காந்து சாப்பிட்ட?" என்று கேளுங்கள். இரண்டு, மூன்று வாரமாக "யாருமில்ல" என்றே பதில் வந்தால், திங்கட்கிழமை காலையில் மட்டும் வயிறு வலித்தால், நடிப்பு என்று திட்ட வேண்டாம். அந்த வலி நிஜம். வகுப்பாசிரியரை நேரில் பாருங்கள். பள்ளிக் கல்வித் துறையின் 14417 எண்ணிலும் பேசலாம்.

(காட்சி: தொடக்கப்பள்ளி வாசல், வேப்பமரம்.)

முதல் மாதத்தில் ஒரு சாயங்காலம் எங்களிடமும் கூட்டிக்கொண்டு வாருங்கள். புதுப் பள்ளியைப் பற்றி அவள் வாயால் கேட்க எங்களுக்கும் ஆசை.