வலியே இல்லையேன்னு மாத்திரைய வேணாம்னுட்டேன்

வணக்கம். சத்தம் கேட்குதா? கீழ வாய்ட் டெக்ல, அதான் எங்க அடுக்குமாடிக்கு அடியில இருக்கிற திறந்த கூடத்துல, மலாய்க் கல்யாணம், காலையில இருந்து பாட்டு. பொறுத்துக்குங்க, இன்னைக்கு விட்டா அப்புறம் பேச முடியாது.

மார்பகப் புற்றுநோய் ஆபரேஷன் முடிஞ்சு அஞ்சு வாரம் ஆச்சு. இடது பக்க மார்பகத்தை எடுத்துட்டாங்க, அக்குள்ல ரெண்டு லிம்ஃப் நோட், அதாவது நிணநீர் முடிச்சு, எடுத்துப் பார்த்தாங்க. பார்க்கிறவங்க எல்லாரும் கேக்குறது ஒண்ணுதான்: "வலி எப்படிக்கா?" அதுல நான் ஒரு முட்டாள்தனம் பண்ணேன், அதைச் சொல்றேன்.

ஆபரேஷனுக்கு முன்னாடி மயக்க மருந்து டாக்டர் வந்து, "ஒரு பிளாக் போடுவோம்"னாங்க. எனக்குத் தெரிஞ்ச பிளாக் சிங்கப்பூர் ஈசூன்ல நாங்க இருக்கிற வீவக அடுக்குமாடி பிளாக்தான்! அப்புறம் காகிதத்துல படம் போட்டு விளக்கினாங்க. முழு மயக்கமும் உண்டு, அதோட சேர்த்து நெஞ்சுக்குப் போற நரம்புகளையும் மரத்துப்போக வைப்பாங்களாம். முதுகெலும்புக்குப் பக்கத்துல போடுறது பாராவெர்டிபிரல், நூறு வருஷத்துக்கு மேல பழைய முறை. எனக்குப் போட்டது பெக்ஸ். 2011-லதான் அதைப் பத்தி முதல்ல எழுதினாங்களாம். அல்ட்ராசவுண்ட்ல பார்த்துக்கிட்டே மார்புத் தசை அடுக்குகளுக்கு நடுவுல மருந்தை விடுறாங்க. அதனால அப்புறம் மார்ஃபின் மாதிரி பலமான வலி மருந்து குறைவாப் போதும், வாந்தியும் குறையும். ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடுறவங்க மட்டும் முன்னாடியே சொல்லிடணும்.

காலையில ஒம்போது மணிக்கு உள்ள போனேன். சாயங்காலம் உக்காந்து கஞ்சி குடிக்கிறேன், தஞ்சாவூர்ல இருக்கிற அக்காகிட்ட வீடியோ கால்ல சிரிச்சுப் பேசுறேன். நெஞ்சு என்னோடதே இல்லாத மாதிரி மரக்கட்டையா இருக்கு. நர்ஸ் வந்து, "பெயின் ஸ்கோர் எவ்ளோ?"ன்னாங்க, வலிக்கு ஸீரோவுல இருந்து பத்துக்குள்ள ஒரு நம்பர் சொல்லணும். நமக்குத்தான் நம்பர் சொல்ற பழக்கமே கிடையாதே, "பரவாயில்லை"ன்னேன். ஸீரோன்னு எழுதிக்கிட்டாங்க. மாத்திரை நீட்டினாங்க. வலியே இல்ல, எதுக்குன்னு வேணாம்னுட்டேன். அவங்களும் வற்புறுத்தல.

ராத்திரி மூணு மணி. அம்மிக்கல்லத் தூக்கி நெஞ்சுல வச்சு, அக்குளுக்குள்ள அரைக்கிற மாதிரி! ஒண்ணுலேர்ந்து ரெண்டு, மூணுன்னு ஏறல, நேரா எட்டு. மணியடிச்சேன், மாத்திரை வந்துச்சு. ஆனா விழுங்கின மாத்திரை உடனே கேக்குமா? அந்த முக்கா மணி நேரத்தை நான் மறக்க மாட்டேன்.

காலையில டாக்டர் சொன்னாங்க, ஒரு தடவை போட்ட பிளாக் பன்னெண்டுல இருந்து இருபத்துநாலு மணி நேரத்துக்குள்ள விட்டுடும். விடும்போது வலி மொத்தமா வரும், அதுக்கு ரீபவுண்ட் பெயின்னு பேராம். அதனால பாரசிட்டமாலை வலிக்குதோ இல்லையோ கடிகாரத்தைப் பார்த்துப் போடணும், முக்கியமா படுக்கப் போறதுக்கு முன்னாடி. உங்களுக்கு எந்த மாத்திரை, எத்தனைன்னு உங்க டாக்டர்கிட்டதான் கேக்கணும்.

இன்னொண்ணு. வீட்டுக்கு வந்ததும் அம்மா வெந்நீர்ப் பையோட நிக்கிறாங்க, ஒத்தடம் குடுக்க. வேணாம்மான்னேன். பிளாக் விட்டாலும் வெட்டின இடத்துத் தோல் மரத்தேதான் இருந்துச்சு. மரத்த இடத்துல சூடு தெரியாது, தோல் வெந்தாக்கூட தெரியாது. அம்மாவுக்குக் கோவம்.

தேக்கால ஒரு ஆன்ட்டி, "பிளாக் போட்டா கேன்சர் திரும்பி வராதாமே"ன்னாங்க. அப்படி ஒரு நம்பிக்கை டாக்டருங்களுக்கே இருந்துச்சு. ரெண்டாயிரத்துக்கு மேல பொம்பளைங்களை வச்சு சோதிச்சு, 2019-ல லான்செட்ங்கிற மருத்துவ இதழ்ல முடிவு வந்துச்சு. பாராவெர்டிபிரல் போட்டவங்க, போடாதவங்க, ரெண்டு பக்கமும் சுமார் 10 சதவீதம் பேருக்குத் திரும்ப வந்திருக்கு. ஒரு வருஷம் கழிச்சும் வெட்டின இடத்துல வலி இருந்தவங்க ரெண்டு பக்கமும் கால்வாசிக்கு மேல. அப்போ பிளாக் எதுக்கு? என்னைக் கேட்டா, அந்த முதல் நாளுக்கு. அதுவே பெரிய விஷயம்.

இப்போ எனக்கு இருக்கிறது வேற மாதிரி. மேல்கையோட உள்பக்கம், புடவைத் தலைப்பு பட்டாலே சுருக்குன்னு கரண்ட் அடிக்குது. அக்குள் வழியாப் போற நரம்பு ஒண்ணு, இன்டர்காஸ்டோபிராக்கியலாம், பேரைச் சொல்லி முடிக்கவே வலி போயிடும். நோட் எடுக்கும்போது அது இழுபடலாம், வெட்டுப்படலாம். இந்த நரம்பு வலிக்கு சாதா மாத்திரை சரியாக் கேக்காது, வேற வகை மருந்து இருக்கு. போன வாரம்தான் ஆரம்பிச்சிருக்கேன், தூக்கம் தூக்கமா வருது.

சரி, அந்தச் சுவர் தெரியுதா? பையன் உயரத்தை வருஷா வருஷம் பென்சில்ல கோடு போட்டு வைப்போம். பக்கத்துல சிவப்புக் கோடெல்லாம் என்னோடது. விரலால சுவர்ல ஏறணும், அதுதான் தோளுக்குப் பயிற்சி. இன்னைக்கு அவனோட ஆறு வயசுக் கோட்டுக்கு ரெண்டு விரக்கடை கீழ நிக்கிறேன்.