கூப்பரை ஆளாக்கியது கழகமே

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையில் கூடியிருக்கும் பெரியோர்களே, அனைவருக்கும் வணக்கம்.

அயர்லாந்தின் கேலிக் கால்பந்து வீரர் கொல்ம் கூப்பரின் பெருமைக்குப் பெரிதும் காரணம் அவருடைய ஊர்க் கழகமா, அவர் ஆடிய கவுண்டியா (நம் மாவட்டம் போன்ற பிரிவு) என்ற இந்த வழக்கில், கழகத்தின் பக்கம் நின்று வாதாட வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர், கெர்ரி கவுண்டியின் சட்டையில் கூப்பர் 2004, 2006, 2007, 2009 ஆகிய ஆண்டுகளின் அகில அயர்லாந்து இறுதியாட்டங்களில் ஆடி வென்றதையும், ஆண்டின் சிறந்த வீரர்களுக்குத் தரும் ஆல் ஸ்டார் விருதை எட்டு முறை பெற்றதையும் அடுக்கிக் காட்டி, இதற்கு மேல் என்ன சான்று வேண்டும் என்று கேட்டுவிட்டு அமர்ந்தார். அவர் சொன்ன கணக்கில் பிழை ஏதும் இல்லை. ஆனால் அந்தக் கணக்கில் கூப்பர் என்ற மனிதரின் பாதி வாழ்க்கை விடுபட்டுப் போயிருக்கிறது.

இந்த ஆட்டத்தின் அமைப்பை முதலில் நினைவுபடுத்த வேண்டும். 1884இல் தர்லஸ் நகரில் தொடங்கப்பட்ட கேலிக் விளையாட்டுச் சங்கம் இன்றுவரை ஊதியம் பெறாத வீரர்களால் நடக்கிறது. வீரர்களை விலைக்கு வாங்கும் சந்தை இங்கே கிடையாது. பெரும்பாலும் தான் பிறந்து வளர்ந்த ஊரின் கழகத்துக்கே ஒருவர் ஆடுகிறார். அந்தக் கழகங்களில் சிறந்து விளங்குவோரைப் பொறுக்கியெடுத்துத்தான் கவுண்டி அணி அமைகிறது. பயிரை வளர்ப்பவர் ஒருவராகவும் அறுவடையின்போது களத்துமேட்டில் நின்று புகழ் பெறுபவர் வேறொருவராகவும் இருக்கும்போது, யாருடைய உழைப்பு என்று கேட்பதில் தவறில்லையே!

கூப்பரின் கழகம் கில்லார்னி நகரின் டாக்டர் குரோக்ஸ். 1886இல் தொடங்கிய பழைய கழகம் அது. கவுண்டி ஆட்டங்களின் பெருமைக்கெல்லாம் இருப்பிடமான டப்ளின் குரோக் பார்க் அரங்கத்துக்கும் இந்தச் சிற்றூர்க் கழகத்துக்கும் பெயர் கொடுத்தவர் ஒருவரே: காஷல் பேராயர் தாமஸ் குரோக். எதிரணியினர் அரங்கத்தை மட்டும் பார்க்கிறார்கள் என்பதற்காக இதைச் சொல்லிவைத்தேன், அவ்வளவுதான். இனி வழக்குக்கு வருகிறேன்.

1992இல் டாக்டர் குரோக்ஸ் அகில அயர்லாந்து கழகக் கோப்பையை முதன்முதலாக வென்றபோது, அணியினருடன் களத்தில் தோன்றிய குட்டிச் சின்னமாக ஒரு செம்பட்டைத் தலைச் சிறுவன் இருந்தான். எட்டு வயதுக் கூப்பர்தான் அவன். எந்தக் கவுண்டித் தேர்வாளரும் அவன் பெயரைக் கேள்விப்பட்டிராத காலம் அது. அன்று அவன் கண்முன் உயர்த்தப்பட்ட கோப்பையைத் தன் கையால் தொட, பின்னாளில் அவர் இருபத்தைந்து ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது.

2002இல் அவர் கெர்ரி அணிக்குள் வந்தார். அந்த ஆண்டே இறுதியாட்டத்தில் ஆர்மா கவுண்டியிடம் கெர்ரி தோற்றது. ஆர்மாவுக்கு அதுதான் முதல் கோப்பை. 2004 இறுதியில் மேயோ அணிக்கு எதிராக, உயரே வந்த பந்தை எட்டிப் பிடித்து, தடுப்பாளரைத் தாண்டி வலைக்குள் தள்ளினாரே, அந்த கோலை மறக்க யாரால் முடியும்? எதிரணியினர் அதைச் சொன்னபோது நானும் சேர்ந்துதான் கைதட்டினேன். ஆனால் அந்தக் கையும் காலும் கில்லார்னியின் சிறுவர் அணிகளில் பழகியவை. அவற்றைக் குரோக் பார்க் கண்டு வியந்தது, கற்றுக்கொடுக்கவில்லை. கூப்பர் வருவதற்கு முன்பே கெர்ரி 32 முறை வாகை சூடிய கவுண்டி என்பதையும், அவர் ஆடிய அணியில் டாரா ஓ ஷே, ஷேமஸ் மொய்னிஹன், பின்னர் கீரன் டொனகி எனப் பெரும் வீரர்கள் சூழ நின்றார்கள் என்பதையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். அத்தகைய அணிக்கு அவர் அழகு சேர்த்தார் என்பது மெய்; அவர் இல்லாவிட்டால் அது கெட்டுப்போயிருக்கும் என்பது மெய்யல்ல.

இதற்கு நான் ஊகத்தை நாடத் தேவையில்லை. 2014ஆம் ஆண்டே சாட்சி சொல்கிறது. அந்தப் பிப்ரவரியில் போர்ட்லீஷ் நகரில், காசில்பார் மிட்செல்ஸ் அணிக்கு எதிரான அகில அயர்லாந்து கழக அரையிறுதியில், கூப்பரின் முழங்காலில் சிலுவைத் தசைநார் கிழிந்து, மூட்டுச் சில்லும் உடைந்தது. அந்த ஆண்டு முழுவதும் அவர் ஆடவில்லை. அவர் இல்லாமலேயே கெர்ரி செப்டம்பரில் டொனகாலை வென்று, கவுண்டிகளுக்கான அகில அயர்லாந்துக் கோப்பையான சாம் மக்வயர் கோப்பையைக் கொண்டுசென்றது. கவுண்டி தன் வேலையைப் பார்த்துக்கொண்டு போயிற்று. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, அதன் இயல்பே அதுதான். ஆனால் அன்று கோப்பையை உயர்த்திய இருவர் யார் என்று எதிரணித் தலைவர் சொல்லாமல் விட்டுவிட்டார். ஃபியன் ஃபிட்ஸ்ஜெரால்டும் கீரன் ஓ'லியரியும். இருவருமே டாக்டர் குரோக்ஸ் வீரர்கள்! முந்தைய ஆண்டின் கெர்ரிக் கழகப் போட்டியில் வென்றவர்களிடமிருந்தே கவுண்டித் தலைவர் வருவது அங்கே வழக்கம். 2011 இறுதியாட்டத்தில் கூப்பர் கெர்ரியின் தலைவராக நின்றதும் அந்த வழியில்தான்: 2010இல் கழகம் வென்றது, அதனால் அவருக்குத் தலைமை கிடைத்தது. கவுண்டியில் அவர் பெற்ற மிக உயர்ந்த பொறுப்பைக்கூடக் கழகம்தான் வாங்கிக்கொடுத்திருக்கிறது.

கழகத்தில் அவர் பட்ட துன்பத்தையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பற்று எங்கே இருந்தது என்பதற்கு அதுவே அளவுகோல். 2007 கழக இறுதியாட்டம் சமநிலையில் முடிய, மறு ஆட்டத்தில் கிராஸ்மக்லென் ரேஞ்சர்ஸிடம் தோல்வி. பின்னர் 2010 முதல் 2013 வரை தொடர்ந்து நான்கு முறை கெர்ரியின் வாகையர். ஆனால் 2012, 2013, 2014 ஆகிய மூன்று ஆண்டுகளும் அகில அயர்லாந்து அரையிறுதியிலேயே தோல்வி, கடைசித் தோல்வியில் முழங்காலும் போயிற்று. கவுண்டிப் பதக்கங்கள் வீட்டில் நிறைந்திருக்கும் ஒருவர் இதோடு கழகத்துக்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டு ஒதுங்கியிருந்தால் எவரும் பழித்திருக்க மாட்டார்கள்.

அவர் ஒதுங்கவில்லை. 2015இல் கெர்ரிக்கும் திரும்பினார் என்று எதிரணியினர் எழுந்து சொல்வார்கள். உண்மைதான், அந்த ஆண்டு இறுதியில் டப்ளினிடம் தோற்ற அணியிலும் அவர் இருந்தார். ஆனால் கதை முடிந்த இடத்தைப் பாருங்கள். 2017 மார்ச் 17, புனித பாட்ரிக் திருநாள், அதே குரோக் பார்க். டெர்ரியின் ஸ்லாக்நீல் அணியை டாக்டர் குரோக்ஸ் 1-9க்கு 0-10 என வென்றது; முதல் எண் கோல், அடுத்தது புள்ளி. வலைக்குள் போகும் ஒரு கோல் மூன்று புள்ளிக்குச் சமம் ஆதலால் இரண்டே புள்ளி இடைவெளி. அந்த ஒரே கோலை அடித்தவர் 33 வயதுக் கூப்பர். அடுத்த மாதமே கெர்ரி அணியிலிருந்து ஓய்வு அறிவித்தார். கழகத்திலிருந்து ஓய்வு பெறவில்லை; கறுப்பும் பொன்மஞ்சளுமான அதே சட்டையில் அந்த ஆண்டின் பிற்பகுதியிலும் ஆடினார்.

எனக்கு அடுத்துப் பேசவிருக்கும் எதிரணி நண்பரிடம் ஒரே ஒரு கேள்வியை விட்டுச்செல்கிறேன். நான்கு கவுண்டிக் கோப்பைகளை ஆடி வென்ற பிறகும் ஒரு மனிதர் உடைந்த முழங்காலைச் செப்பனிட்டுக்கொண்டு கழகக் கோப்பைக்காகக் காத்திருந்து, அது கைக்கு வந்ததும் இரண்டில் கவுண்டியை முதலில் விட்டாரே, அது ஏன்? நடுவர் அவர்கள் தீர்ப்பு எழுதுவதற்கு முன் அவர் இதற்கு விடை சொல்லட்டும். நன்றி, வணக்கம்.