சர்ஃப் போர்டுல எடை எங்க ஒளிஞ்சிருக்கு

கோவை வானொலி நேயர்கள் எல்லாத்துக்கும் வணக்கமுங்க. கடல் அலை மேல நின்னு சறுக்கிட்டுப் போற பலகை, அதான் சர்ஃப் போர்டு, அது செய்யறதுக்கு எடை கம்மியான பொருள் எதுன்னு பேசச் சொல்லிருக்காங்க, கடலே இல்லாத ஊருக்கு இதென்னத்துக்குன்னு கேப்பீங்க. பல்லடம், உடுமலை ரோட்டுல காத்தாடி றெக்கைய லாரில ஏத்திக்கிட்டுப் போறதப் பாத்திருப்பீங்கல்ல, அந்த றெக்கைக்குள்ள இருக்கறதும் சர்ஃப் போர்டுக்குள்ள இருக்கறதும் கிட்டத்தட்ட ஒரே சரக்குதானுங்க. வெளிய கிளாஸ் ஃபைபர், அதான் கண்ணாடி நூல் துணி, அத ஊற வெக்கறதுக்கு ரெசின்ங்கற எறுகிப்போற பசை, நடுவுல ஃபோமு, இல்லீன்னா ஈக்வடார் நாட்டுல இருந்து வர்ற பால்சா மரம். நான் ஃபைபர் பட்டறை வெச்சிருக்கறவன், கோவளத்துல சர்ஃபிங் பழகற எங்க தங்கச்சி பையன் ஒடஞ்ச போர்டு ஒண்ணக் கொண்டாந்து பட்டறைல போட்டதுல இருந்து எனக்கும் இந்தக் கிறுக்கு புடிச்சிருச்சு.

போட்டிக்குப் போற சின்ன போர்டு ரெண்டரை கிலோ பக்கம் இருக்குமுங்க, கொள்ளளவு ஒரு 28 லிட்டர்னு வெச்சுக்கங்க. இதுக்கு ரொம்ப காலமா போடறது பாலியூரித்தேன் ஃபோம், கன மீட்டருக்கு 45 கிலோன்னு கணக்குப் போட்டா உள்ள இருக்கற ஃபோம் ஒண்ணேகால் கிலோதான் வருது. அதையே தெர்மாகோல்ல செஞ்சா, பொட்டில வர்ற தெர்மாகோல் இல்லீங்க, கொஞ்சம் நெருக்கமா அடிச்சது, கன மீட்டருக்கு 32 கிலோ, அப்ப 900 கிராம். இன்னும் லேசா 24 கிலோ சரக்குன்னா 700 கிராம்கூட இல்ல. சரி, ஃபோமு ஒண்ணேகால் கிலோன்னா மிச்சம் ஒண்ணேகால் கிலோ எங்க இருக்கு? பெரும்பாலும் வெளித் தோல்ல இருக்குதுங்க, அதான் விசயமே. எல்லாரும் எந்த ஃபோமுன்னே கேக்கறாங்க, ரெசினப் பத்தி ஒருத்தரும் கேக்கறதில்ல.

வழக்கமா போடற கிளாத் 4 அவுன்ஸ், அதாவது சதுர மீட்டருக்கு சுமாரா 135 கிராம். மேல ரெண்டு மடிப்பு கீழ ஒரு மடிப்பு, மொத்தமே கால் கிலோவுக்குக் கொஞ்சம் மேல, ஓரம் மடிச்சு ஒட்டறதயும் சேத்தா இன்னுங் கொஞ்சம். நல்ல கைக்காரன் கிளாத் எடைக்குச் சரியா ரெசின் ஏத்தி ரப்பர் பட்டைல இழுத்து மிச்சத்த வழிச்சு எறிஞ்சுருவான், ஊத்திக்கிட்டே போறவன் ரெண்டு மடங்கு ஏத்திருவான், காசு குடுத்து வாங்கின லேசான ஃபோமுல மிச்சமான எடை அங்கயே போச்சு. கூடப் போன ரெசின் பலமும் தராதுங்க, பலம் நூல்ல இருக்கு, ரெசின் அதக் கட்டிப் புடிச்சிருக்கறது மட்டுந்தான், ரெசின் மட்டும் கெட்டியா நின்னா வெடிக்கும்.

இன்னொண்ணு, தெர்மாகோலுக்கு எபாக்சிங்கற ரெசின்தான் போடோணும். நம்ம பட்டறைல சாதாரணமா ஓடற பாலியெஸ்டர் ரெசின்ல ஸ்டைரீன்னு ஒரு ரசாயனம் இருக்கு, அது தெர்மாகோலக் கரைச்சுக் குழியாக்கிரும், பெட்ரோல் பட்ட தெர்மாகோலப் பாத்தவங்களுக்குச் சொல்லவே வேண்டாம். பாலியூரித்தேனுக்கு ரெண்டும் ஒத்துக்கும். அமெரிக்கால கிளார்க் ஃபோம்னு ஒரு கம்பெனி, அந்த நாட்டுல பெரும்பாலான போர்டுக்கு உள்ள போற ஃபோம் அவங்களோடதுதான், 2005 டிசம்பர் 5ஆந் தேதி திடீர்னு இழுத்து மூடிட்டாங்க. செய்யறவங்க பூராப் பேரும் திண்டாடிப்போய் அதுக்கப்புறந்தான் தெர்மாகோல்-எபாக்சிப் பக்கம் நெறயாப் பேரு திரும்புனாங்க.

கார்பன் ஃபைபரப் பத்திக் கேக்காத ஆளில்ல. கண்ணாடி நூலவிட எடை கம்மி, வெறைப்பு மூணு மடங்கு, ஆனா போர்டு முழுக்கப் போத்துனா வளையாதுங்க, கால்ல அலையே தெரியாதுன்னு பசங்க சொல்றாங்க, ஒடையும்போது சொல்லாமக் கொள்ளாம ஒடையும். ஓரத்துல ஒரு பட்டை, வால்ல ஒரு பட்டை போதும், அதும் கருப்பா இருக்கறதால நம்ம வெயிலுக்குச் சுட்டுத் தள்ளும். ரொம்ப லேசானதும் ஆகாது, காத்தடிச்சு தண்ணி சொரசொரன்னு இருக்கற அன்னைக்கு லேசான போர்டு தடதடன்னு துள்ளும், பெரிய அலைல போறவங்க வேணும்னே கனமா செஞ்சுக்கறாங்க.

பொள்ளாச்சில இருந்து ஒரு நண்பர், தேங்கா நாருல போட்டா என்னங்கன்னாரு. நாரு நல்லா இழுபடும், ஆனா வெறைப்பு கண்ணாடி நூல்ல பத்துல ஒரு பங்குகூட வராது, கயிறு, மெத்தைக்குச் சரி, போர்டுத் தோலுக்கு ஆகாதுங்க. ஆளி விதைச் செடியோட நாருன்னா யோசிக்கலாம். எனக்கு ஆசையா இருக்கறது நம்ம காட்டு வேலில நிக்கற ஆனைக் கத்தாழை மேலதான். பூத்துக் காஞ்ச தண்டு எவ்வளவு லேசுன்னு அதக் கட்டிக்கிட்டுக் கெணத்துல நீச்சல் பழகுனவங்களுக்குத் தெரியும். கலிபோர்னியால கேரி லிண்டன்னு ஒருத்தரு கத்தாழைத் தண்டுலயே போர்டு செய்யறாரு. ஆனா மரம் மரந்தான், பால்சாவே கன மீட்டருக்கு 150 கிலோ வரும், 28 லிட்டருக்கு நாலு கிலோ தாண்டிரும், அதனால உள்ள கொடைஞ்சு எடுக்கோணும், வேலை ஜாஸ்தி. தண்டு நல்லாக் காயற வரைக்கும் காத்திருந்து, அப்புறம் பூச்சி அடிக்காமப் பாத்துக்கிட்டு செய்யறதுக்கு ஆளு வேணும்.

கடைசியா, தெர்மாகோல் போர்டு வாங்கறவங்களுக்கு. சித்திரை வெயில்ல கார்க்குள்ள வெச்சுப் பூட்டிறாதீங்க, உள்ள இருக்கற காத்து விரிஞ்சு தோலு எந்திரிச்சுரும். சில போர்டுல இதுக்குன்னே சின்னதா ஒரு திருகு மூடி வெச்சிருப்பாங்க, வண்டில போறப்ப லேசாத் தெறந்து வெக்கலாம், தண்ணில எறங்கறதுக்கு முன்னால மூடிரோணும், ஏன்னா உள்ள தண்ணி போயிருச்சுன்னா அதக் காய வெச்சு எடுக்கறதுக்குள்ள சீசனே முடிஞ்சுரும். வரேனுங்க, வணக்கம்.