வரிசை தெரிந்த பிள்ளை

நேயர்களுக்கு வணக்கம். நடக்கத் தொடங்கியதிலிருந்து மூன்று வயது முடிகிற வரைக்கும் உள்ள பிள்ளைகளுக்கு அன்றாட ஒழுங்கையும் சின்னச் சின்ன வீட்டு வேலைகளையும் எப்படிப் பழக்கலாம் என்று இன்றைக்குப் பேசுவோம்.

காலை 7 மணிக்கு இது, 8 மணிக்கு அது என்று அட்டவணை போட்டுச் சுவரில் ஒட்டுகிற யோசனை நம்ம கரைக்கு ஒத்துவராது. ராமேஸ்வரத்திலும் மண்டபத்திலும் விசைப்படகு போகிற நாள் வேறு, போகாத நாள் வேறு. போன படகு மறுநாள் விடியலில் கரை சேரும். கடல்பாசி எடுக்கப் போகிற தாய்மார்களுக்கு அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித்தான் வேலை நாட்கள். கருவாடு காயப்போடுகிற வீட்டில் வெயிலைப் பார்த்துத்தான் எல்லாமே. இப்படிப்பட்ட வீட்டில் பிள்ளைக்கு மட்டும் மணிக்கணக்கு வைத்தால் நாலாவது நாளே அது கைவிட்டுப் போகும்.

ஆனால் இரண்டு வயதுப் பிள்ளைக்கு மணி தெரியாது. அதற்குத் தெரிந்தது 'இதுக்கு அப்புறம் இது' என்பது மட்டும்தான். அதனால் மணியை விட்டுவிட்டு வரிசையைப் பிடித்துக்கொள்ளுங்கள். எழுவது, காலைச் சாப்பாடு, குளியல், பகல் தூக்கம், ராத்திரித் தூக்கம் என்று, நாளைக் கட்டிப்போட ஐந்து முளைக்குச்சி மாதிரி, ஐந்து முளை போதும். ஒவ்வொரு முளையைச் சுற்றியும் மூன்று நாலு படி, என்றைக்கும் ஒரே வரிசையில் நடக்க வேண்டும்.

ராத்திரியை எடுத்துக்கொள்வோம், அதுதான் எல்லாவற்றுக்கும் அஸ்திவாரம். சாப்பாடு, கை வாய் கழுவுவது, பல் தேய்ப்பது, ஒன்றுக்குப் போவது, பாய் விரிப்பது, விளக்கை அணைப்பது, ஒரு பாட்டு. இவ்வளவுக்கும் முப்பது, நாற்பது நிமிஷம் பிடிக்கும். பல் தேய்க்கும் பசை மூன்று வயது வரை ஒரு அரிசி அளவு போதும். பாயை நீங்கள் விரித்தாலும் தலையணையைப் பிள்ளை கொண்டுவந்து போடட்டும். அந்தத் தலையணை கைக்கு வந்ததும் அடுத்தது தூக்கம் என்று பிள்ளைக்குப் புரிந்துவிடும். போன் இந்த வரிசைக்குள் வரவே கூடாது. இரண்டு வயதுக்குள் திரை எதுவும் வேண்டாம், அதற்கு மேல் நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மிகாமல் என்பதுதான் உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்ன அளவு.

ஒன்றிலிருந்து இரண்டு வயதுப் பிள்ளைக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து 11 முதல் 14 மணி நேரத் தூக்கம் வேண்டும். படகு வந்து சேர்கிற விடியலில் அப்பா குரல் கேட்டுப் பிள்ளை நாலரைக்கே எழுந்துவிடும். அன்றைக்கு அதட்டித் தூங்க வைக்கப் பார்க்காதீர்கள். அப்பா மடியில் கொஞ்ச நேரம் இருக்கட்டும், பிறகு முகம் கழுவுவதிலிருந்து வழக்கமான வரிசை. பகல் தூக்கத்தை மட்டும் ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிக்கொள்ளுங்கள். பல வீடுகளில் தவறுவது இங்கேதான். விடியலில் எழுந்த பிள்ளை சாயங்காலம் நாலு மணிக்கு அசந்து தூங்கும். பாவம் தூங்கட்டும் என்று ஆறு வரை விட்டால் ராத்திரி பதினொன்றுக்கும் கண் மூடாது. மறுநாளும் அதே கதைதான். பகல் தூக்கத்தை முன்னாலேயே தூங்க வைத்து, நாலு மணிக்குள் எழுப்பிவிடுங்கள்.

இனி வேலைகளுக்கு வருவோம். ஒரு நேரத்தில் ஒரே ஒரு வேலை. அது பழக இரண்டு மூன்று வாரம் கொடுங்கள், பிறகு அடுத்தது.

முதல் வேலை செருப்பு. நம்ம தெருவெல்லாம் மணல், அதனால் வாசலிலேயே தொடங்கிவிடலாம். படியோரம் பிள்ளையின் செருப்பு ஜோடியை வைத்து, சுற்றிச் சாக்பீஸால் கோடு இழுங்கள். கழற்று, மணலைத் தட்டு, கோட்டுக்குள் வை. ஒன்றரை வயதுப் பிள்ளைக்கு 'வை' மட்டும் போதும், கழற்றுவதும் தட்டுவதும் உங்கள் பாடு. இப்படிக் கடைசிப் படியை முதலில் விட்டுக்கொடுப்பது நல்ல முறை. ஏனென்றால் வேலையை முடித்த சந்தோஷம் பிள்ளைக்குக் கிடைக்கிறது. கால்சட்டையும் அப்படியே. முழங்கால் வரை நீங்கள் ஏற்றிவிட்டு, மீதியைப் பிள்ளையை இழுக்கச் சொல்லுங்கள். அது பழகினால் கணுக்காலிலிருந்து விடுங்கள். அப்புறம் கையில் கொடுத்துவிடலாம்.

இரண்டு வயதுக்கு மேல் என்றால் முருங்கைக்கீரையை மிஞ்சிய வேலை கிடையாது. முதல் நாள் ராத்திரியே கீரைக் கொத்தைத் துணியில் இறுகச் சுற்றி வையுங்கள். காலையில் பிரித்தால் இலை காம்பை விட்டுத் தளர்ந்து பாதி தானாகவே உதிரும். ஐந்தாறு ஈர்க்கு மட்டும் எடுத்துச் சுளகில், அதாவது முறத்தில், போட்டுப் பிள்ளை முன்னால் வையுங்கள், கட்டு முழுவதையும் வைத்தால் மலைத்துப்போகும். நுனியை ஒரு கையால் பிடித்து, மறு கை விரல்களை அடிக்காம்பு பக்கம் இழுக்க வேண்டும். இதை வாயால் சொல்லாமல் மெதுவாக இரண்டு தரம் செய்து காட்டுங்கள். பிள்ளை முதலில் ஒவ்வொரு இலையாகத்தான் கிள்ளும், கிள்ளட்டும். பத்து நிமிஷம் உட்கார்ந்தாலே பெரிய விஷயம். ஈர்க்கோடு விழுந்த இலையைப் பிள்ளை கண் முன்னால் பொறுக்கித் திருத்தாதீர்கள். தான் செய்தது சரியில்லை என்று அதற்கு உடனே தெரிந்துவிடும், மறுநாள் சுளகுப் பக்கமே வராது. அது எழுந்து போன பிறகு பொறுக்குங்கள். அந்தக் கீரையைச் சோற்றில் பிசையும்போது 'நீ உருவின கீரை' என்று சொல்லி ஊட்டினால் சாப்பாட்டுச் சண்டையும் கொஞ்சம் குறையும்.

தண்ணீரைக் குடக் கணக்கில் விலைக்கு வாங்குகிற ஊர்களில் செடிக்குத் தண்ணீர் ஊற்றும் வேலையைக் கொடுக்கத் தயங்குவோம். அரிசி கழுவின தண்ணீரை ஒரு டம்ளர் சின்னச் சொம்பில் ஊற்றிக் கொடுங்கள். பாதி தரையில் சிந்தும். திட்டாமல் கைக்குட்டை அளவுத் துணியை நனைத்துப் பிழிந்து கையில் கொடுத்தால், துடைப்பது அடுத்த வேலையாகிவிடும்.

பேசுகிற விதத்தில் ஒரு சங்கதி. 'செய்றியா?' என்று கேட்டால் 'மாட்டேன்' என்றுதான் பதில் வரும். 'கீரையா, துணியா, எது முதல்ல?' என்று கேளுங்கள். ஒன்றரை வயதில் ஒரு சொல்லுக்கு ஒரு வேலை. இரண்டு வயதை ஒட்டி, 'எடுத்துட்டு வா, கூடையில போடு' என்று இரண்டைச் சேர்த்துச் சொல்லலாம். சொல்லிவிட்டு மனசுக்குள் பத்து வரை எண்ணுங்கள். காதில் விழுந்தது கைக்கு வர அந்த வயதில் அவ்வளவு நேரம் ஆகும். அதற்குள் வேறு வேறு சொல்லில் மூன்று தரம் சொன்னால் பிள்ளை குழம்பி நின்றுவிடும், நாமும் பிடிவாதம் என்று நினைத்துக்கொள்கிறோம். செய்து முடித்ததற்கு மிட்டாய் வேண்டாம். 'ரெண்டு செருப்பும் ஜோடியா இருக்கே' என்று செய்ததைச் சொன்னாலே போதும்.

அப்பத்தாமார்களுக்கும் ஒரு வேண்டுகோள். பிஞ்சுக் கை நோகுமே என்று எல்லாவற்றையும் நீங்களே செய்துவிடுகிறீர்கள். பாசி நாட்களில் பிள்ளை உங்களிடம்தானே இருக்கிறது! செருப்புக்கோடு ஒன்றை மட்டும் உங்கள் பொறுப்பாக எடுத்துக்கொள்ளுங்கள், மற்றதை விட்டுவிடலாம்.

இதெல்லாம் தொடங்கும் முன் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது, இதைத் தயவுசெய்து கவனமாகக் கேளுங்கள். எடுத்து வரப் பழகிய பிள்ளை எதையும் எடுத்து வரும். தூண்டில் முள், நரம்பு வலைத் துண்டு, வலை பின்னுகிற ஊசி எல்லாம் நீங்கள் கை தூக்கினால் எட்டுகிற உயரத்துக்குப் போக வேண்டும். டீசலையும் மண்ணெண்ணெயையும் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள். தப்பித் தவறிக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. வாந்தியில் அது நுரையீரலுக்குப் போகும், நேரே ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கள். வாளியில் ஐந்து சென்டிமீட்டர் தண்ணீர் இருந்தாலும் தலைகுப்புற விழுந்த பிள்ளையால் எழ முடியாது. வேலை முடிந்ததும் வாளியைக் கவிழ்த்து வையுங்கள், டிரம்முக்கு மூடி போட்டுக் கல்லை வையுங்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகில் போகிற அப்பாமார் வீட்டில் இருப்பார்கள். ராத்திரி வரிசையை அப்பா ஏற்றுக்கொள்ள இதைவிட நல்ல சமயம் கிடைக்காது. ஆனால் தடை முடிந்த அன்றைக்கே திடீரென்று கை மாற்றினால் பிள்ளை பல நாள் அழும். ஜூன் முதல் வாரத்தில் அப்பாவும் அம்மாவும் சேர்ந்து பாய் விரியுங்கள். இரண்டாவது வாரம் அம்மா பாட்டுப் பாட, அப்பா விளக்கை மட்டும் அணைக்கட்டும். படகு கிளம்புகிற ராத்திரி அந்த விளக்கை அணைக்கிற வேலையைப் பிள்ளையிடமே கொடுங்கள். இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டால் சுவிட்ச் எட்டும்.